ஒரு நாவல் வாக்குப் பெட்டி வரை போகுமா? 'அங்கிள் டாம்ஸ் கேபி'னும் அடிமை ஒழிப்பு அரசியலும்

கொற்கைக்கடல் எழுதியது:

அடிமை முறையை எதிர்த்து எழுதப்பட்ட கதைகள் அரசியலை உண்மையில் எவ்வளவு அசைத்தன? ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852 மார்ச் 20 அன்று பாஸ்டனில் புத்தகமாக வந்தது. 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. இடையில் ஒன்பது ஆண்டு. அதில் நாவலின் பங்கு எது, சட்டத்தின் பங்கு எது, கட்சிகளின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க ஆசை. "ஒரு நாவல் போரை மூட்டியது" என்பதும் "கதையால் ஒன்றும் ஆகாது" என்பதும் உழைப்பில்லாத பதில்கள். ஆண்டு, எண், சட்டப் பிரிவு சொல்லி எழுதுங்கள்.

பழையஏடு எழுதியது:

முதலில் லிங்கன் பேரில் உலவும் அந்த வரியை ஓரமாக வைத்துவிடுவோம். 'இந்தப் பெரிய போரைத் தொடங்கி வைத்த சின்னப் பெண்மணி நீங்கள்தானா' என்று லிங்கன் ஸ்டோவிடம் கேட்டதாகச் சொல்வார்கள். ஸ்டோவ் 1862 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளை மாளிகைக்குப் போனார், அது உண்மை. அந்தச் சந்திப்பைப் பற்றிக் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இப்படி ஒரு வரி இல்லை. அச்சில் அது தலைகாட்டுவது ஸ்டோவ் இறந்த 1896-இல். லிங்கன் செத்து முப்பத்தொரு வருஷம் ஆன பிறகு. இதைச் சான்றாக வைத்து எந்த வாதத்தையும் கட்டக் கூடாது.

வேறொன்று இருக்கிறது, அது கெட்டியான ஆவணம். நாவலுக்கு ஆதாரத் தொகுப்பாக ஸ்டோவ் 1853-இல் ஒரு 'திறவுகோல்' நூலை வெளியிட்டார். காங்கிரஸ் நூலகத்தின் இரவல் பதிவேட்டில் அந்த நூல் லிங்கன் பேரில் 1862 ஜூன் 16 முதல் ஜூலை 29 வரை இருக்கிறது. இடையில், ஜூலை 22 அன்றுதான் அவர் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் வாசித்துக் காட்டினார். நூலைப் படித்ததால் பிரகடனம் வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆறு வாரமும் நூல் அவர் மேசைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாய்வழி வந்த ஒரு வரியைவிட இந்தப் பதிவேட்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

மருதநிலம் எழுதியது:

நாவலைத் தனியாக எடுத்துப் பேசினால் கணக்குத் தப்பும். 1850 செப்டம்பர் 18 அன்று கையெழுத்தான தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பத்தே பிரிவு. முக்கியமானவை நான்கு.

5-ஆம் பிரிவு: ஓடி வந்தவரைப் பிடிக்க அதிகாரி கூப்பிட்டால் நல்ல குடிமக்கள் எல்லாரும் உதவியாக வர வேண்டும் என்று கட்டளை. 6-ஆம் பிரிவு: பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணைக்கும் இடமில்லை. 7-ஆம் பிரிவு: அடைக்கலம் கொடுத்தாலோ தப்ப விட்டாலோ 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, போதாததற்கு ஓடிய ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் நஷ்டஈடு. 8-ஆம் பிரிவு: ஆளை முதலாளியிடம் திருப்பி அனுப்பினால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விட்டுவிட்டால் 5 டாலர்.

வடக்கு மாநிலத்தில் குடியிருந்த ஒருவருக்கு அதுவரை அடிமை முறை தூரத்துச் சங்கதி. இந்தச் சட்டம் வந்தபின் தன் வீட்டுக் கதவை யாராவது ராத்திரியில் தட்டினால் என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிட்டது. நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் நேராக அந்தக் கேள்வியைத்தான் எடுக்கிறது. ஒஹையோ மாநில செனட்டர் பேர்ட், ஓடி வருபவர்களுக்கு உதவுவதைத் தடுக்கும் சட்டத்துக்கு வாக்களித்துவிட்டு அன்றுதான் வீடு திரும்பியிருக்கிறார். மனைவி மேரி கேள்வி கேட்கிறாள். அவர் நாட்டு நலன், பொது அமைதி என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே உறைந்த ஆற்றைப் பனிக்கட்டி மேல் தாவிக் கடந்து தப்பி வந்த அடிமைப் பெண் எலைசா, குழந்தையோடு அவர்கள் அடுக்களையில் மயங்கிக் கிடக்கிறாள். அந்த வீட்டில் சமீபத்தில் ஒரு பிள்ளை இறந்திருக்கிறது. இறந்த பிள்ளையின் துணிமணி எலைசாவின் மகனுக்குப் போகிறது. நள்ளிரவில் வண்டி பூட்டி அவளைப் பத்திரமான இடத்தில் சேர்ப்பவர் அதே செனட்டர்தான். விட்டுவிட்டுக் கிளம்பும்போது அவள் செலவுக்கு என்று 10 டாலர் நோட்டு ஒன்றையும் கொடுக்கிறார்.

ஆணையருக்குச் சட்டம் கொடுத்த கட்டணமும் 10 டாலர்தான். ஸ்டோவ் அதை நினைத்தே எழுதினாரா என்று நிரூபிக்க முடியாது. 1851-இல் பத்திரிகை படித்த எவருக்கும் அந்தத் தொகை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கூழாங்கல் எழுதியது:

> நாவலைத் தனியாக எடுத்துப் பேசினால் கணக்குத் தப்பும்

இதைச் சோதிக்க ஒரு நல்ல ஒப்பீடு உண்டு. 1836-இலேயே ரிச்சர்ட் ஹில்ட்ரெத் அடிமை ஒருவன் தன் கதையைச் சொல்வது போன்ற ஒரு நாவலை பாஸ்டனில் பெயர் போடாமல் வெளியிட்டார். சாட்டையடி, ஏலம், குடும்பப் பிரிவு எல்லாம் அதில் உண்டு. பெரிய அலை எதுவும் எழவில்லை. அதே நாவலை விரித்து 1852-இல் 'வெள்ளை அடிமை' என்ற தலைப்பில் மறுபடி போட்டார்கள், ஸ்டோவ் திறந்துவிட்ட சந்தையில்.

இன்னொன்று, 1839-இல் தியோடர் வெல்ட் தொகுத்த சாட்சிய நூல். தெற்கத்திப் பத்திரிகைகளில் முதலாளிகளே கொடுத்த 'ஓடிப்போன அடிமை' விளம்பரங்களை வெட்டி வைத்துத் தொகுத்தது. காலில் விலங்குத் தழும்பு, காதில் வெட்டு, முதுகில் சாட்டைத் தடம் என்று அடையாளம் சொல்லும் விளம்பரங்கள். ஏஞ்சலினா, சாரா கிரிம்கே சகோதரிகள் அந்த வேலையில் கூட இருந்தார்கள். ஸ்டோவ் பயன்படுத்திய தகவலில் நல்ல பங்கு இந்த நூலில் ஏற்கெனவே இருந்தது.

ஆக, தகவல் 1839-இல் இருக்கிறது. நாவல் வடிவம் 1836-இல் இருக்கிறது. இரண்டும் இருந்தும் கிளம்பாத தீ 1851-52-இல் கிளம்பியது என்றால் இடையில் மாறியது அந்தச் சட்டம். நாவலின் திறமையை நான் குறைக்கவில்லை. ஹில்ட்ரெத்தின் கதைநாயகன் கோபக்காரன், கிளர்ச்சிக்காரன். ஸ்டோவ் தாய், பிள்ளை, ஜெபம், சாவு என்று அன்றைய நடுத்தர வீட்டுக்கு உள்ளேயே கதையைக் கொண்டுபோனார். இரண்டு காரணமும் சேர்ந்துதான் வேலை செய்தன.

அகல்விளக்கு எழுதியது:

விற்பனை எண்கள் பற்றி யாராவது எழுதுங்கள். 3 லட்சம், 10 லட்சம், 20 லட்சம் என்று எல்லா எண்ணும் சுற்றுகிறது.

பழையஏடு எழுதியது:

வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தொடர்கதை. வாஷிங்டனில் கமாலியேல் பெய்லி நடத்திய 'நேஷனல் இரா' வாரப் பத்திரிகையில் 1851 ஜூன் 5 முதல் 1852 ஏப்ரல் 1 வரை வந்தது. மூன்று நான்கு வாரத்தில் முடியும் என்றுதான் ஸ்டோவ் ஆரம்பத்தில் ஆசிரியருக்கு எழுதினார். பத்து மாதம் ஓடி 45 அத்தியாயம் ஆயிற்று. இந்தக் கால இடைவெளி முக்கியம். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே 1851 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானாவில் அடிமைகளைப் பிடிக்க வந்தவர்களோடு துப்பாக்கிச் சண்டை நடந்தது. அக்டோபர் 1-இல் சிரக்யூஸ் நகரில் தப்பி வந்து பிடிபட்ட ஜெரி என்பவரைக் கூட்டம் சிறை உடைத்து மீட்டது. பத்திரிகையின் ஒரு பக்கத்தில் செய்தி, இன்னொரு பக்கத்தில் கதை.

அடுத்தது புத்தகம். வெளியிட்டவர் பாஸ்டனின் ஜான் ஜூவெட். இரண்டு தொகுதி, முதல் அச்சு 5,000 பிரதி. ஸ்டோவுக்கு 10 சதவீத ராயல்டி. முதல் மூன்று மாதத்திலேயே 10,000 டாலருக்கு மேல் கிடைத்தது. முதல் ஆண்டு முடிவில் அமெரிக்காவில் 3 லட்சம் பிரதி என்பது பதிப்பாளர் விளம்பரப்படுத்திய எண். துணி அட்டைப் பதிப்பு 1.50 டாலர். கூலிக்காரர் வாங்கக்கூடிய விலையில்லை. 1852 கடைசியில் ஒரே தொகுதியாக, நெருக்கமான எழுத்தில், 37½ சென்ட் விலையில் மலிவுப் பதிப்பு வந்த பிறகுதான் கீழ்த்தட்டுக்குப் போனது.

10 லட்சத்துக்கு மேல் என்பது பிரிட்டன் கணக்கு. இரு நாட்டுக்கும் இடையே காப்புரிமை ஒப்பந்தம் இல்லாததால் லண்டன் பதிப்பாளர்கள் போட்டி போட்டுத் திருட்டுப் பதிப்பு போட்டார்கள். ஸ்டோவுக்கு அதில் சட்டப்படி ஒரு காசு கிடையாது. உள்நாட்டிலேயே பிலடெல்பியாவில் ஒரு ஜெர்மன் பத்திரிகைக்காரர் அனுமதி இல்லாமல் மொழிபெயர்த்து விற்றார். ஸ்டோவ் வழக்குப் போட்டு 1853-இல் தோற்றார். மொழிபெயர்ப்பு மூல நூலின் நகல் ஆகாது என்பது தீர்ப்பு. பணம் போயிற்று, ஆனால் பென்சில்வேனியாவின் ஜெர்மன் குடியேறிகளிடம் கதை போய்ச் சேர்ந்தது.

1850 மக்கள்தொகை 2.3 கோடி. அதில் அடிமைப்பட்டவர்கள் 32 லட்சம். மற்ற 2 கோடிப் பேருக்கு 3 லட்சம் பிரதி என்றால் ஏறக்குறைய 67 பேருக்கு ஒன்று. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கம் இருந்ததால் வாசகர் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. எத்தனை மடங்கு என்று யார் சொன்னாலும் அது ஊகம்.

வெண்கலமணி எழுதியது:

இப்போது சங்கடமான எண்ணுக்கு வருகிறேன். நாவல் உச்சத்தில் விற்ற 1852 நவம்பரில்தான் குடியரசுத் தலைவர் தேர்தல். அடிமை முறை புதிய நிலங்களுக்குப் பரவுவதை எதிர்த்த சுதந்திர மண் கட்சி 1848-இல் வாங்கியது 2.91 லட்சம் வாக்கு, 10 சதவீதம். 1852-இல் வாங்கியது சுமார் 1.56 லட்சம், 5 சதவீதத்துக்கும் கீழே. பாதியாகச் சரிந்தது. ஜெயித்த ஃபிராங்க்ளின் பியர்ஸ் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை முழுதாக ஆதரித்தவர். தோற்ற விக் கட்சியும் அந்தச் சட்டம் அடங்கிய 1850 சமரசத்தை ஏற்றுக்கொண்ட கட்சிதான்.

நாடே அழுதுகொண்டே படித்தது என்கிறோம். அழுதவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள்?

மருதநிலம் எழுதியது:

வெண்கலமணி, எண் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுக்கு இரண்டு தடை இருக்கிறது.

ஒன்று, 1848 எண்ணே ஊதிப்போன எண். அந்த ஆண்டு வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரன், முன்னாள் குடியரசுத் தலைவர், நியூயார்க் ஜனநாயகக் கட்சியின் ஒரு கோஷ்டியையே கையோடு கூட்டி வந்தவர். 1852-க்குள் அந்தக் கோஷ்டி தாய்க் கட்சிக்குத் திரும்பிவிட்டது. சரிவில் பெரும்பங்கு அதுதான்.

இரண்டு, நாவலின் வாசகர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வாக்குப் பெட்டியை மட்டும் பார்த்தால் வாசகர் கூட்டத்தில் பாதி கண்ணுக்கே தெரியாது. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் மனு. 1836 முதல் 1844 வரை பிரதிநிதிகள் சபை அடிமை ஒழிப்பு மனுக்களைப் பேசாமலேயே கட்டிவைக்க விதி போட்டிருந்தது. அந்த அளவுக்கு மனுக்கள் குவிந்தன, அவற்றில் பெண்கள் திரட்டிய கையெழுத்து ஏராளம்.

1854-இல், புதிய நிலங்களில் அடிமை முறைக்கு வழி திறந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா மசோதா வந்தபோது ஸ்டோவ், அடிமை முறை இல்லாத சுதந்திர மாநிலங்களின் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார்: நீங்கள் படியுங்கள், மனு திரட்டுங்கள், பேச்சாளரை அழைத்துக் கூட்டம் போடுங்கள் என்று. நியூ இங்கிலாந்தின் 3,050 போதகர்கள் கையெழுத்திட்ட மனு அந்த மார்ச் மாதம் செனட்டுக்குப் போனது. நாவல் சம்பாதித்துக் கொடுத்த பெயரும் பணமும் இப்படித்தான் அரசியலுக்குள் இறங்கின. புத்தகத்திலிருந்து நேராக வாக்குச் சீட்டுக்கு ஒரு பாலம் தேடினால் கிடைக்காது. போதகர் மேடை, தையல் சங்கம், மனுத் தாள் இவை நடுவில் இருக்கின்றன.

வெண்கலமணி எழுதியது:

முதல் தடை நியாயம்தான். ஆனாலும் மசோதா சட்டமானதே. மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 113-க்கு 100. மே 30-இல் பியர்ஸ் கையெழுத்துப் போட்டார். 3,050 போதகர்களால் தடுக்க முடியவில்லை.

கூழாங்கல் எழுதியது:

தடுக்க முடியவில்லை, தண்டிக்க முடிந்தது. அந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்த வடக்கு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் 44 பேர். அடுத்த தேர்தலில் திரும்பி வந்தவர்கள் 7 பேர். 1856-இல் புதிதாக நின்ற குடியரசுக் கட்சிக்கு 33 சதவீதம், 11 மாநிலம். 1860-இல் லிங்கனுக்கு 39.8 சதவீதம். நான்கு ஆண்டில் 5 சதவீதத்திலிருந்து 33.

இந்தத் தாவலுக்கு உடனடிக் காரணம் நாவல் இல்லை. 36 டிகிரி 30 நிமிடக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை வராது என்ற 1820-ஆம் ஆண்டு உடன்பாட்டை 1854 சட்டம் கிழித்துப் போட்டது, அதுதான் காரணம். வடக்கத்தி வாக்காளர்களில் பலர் பயந்தது தங்களுக்கான நிலம் போகிறதே என்று. கருப்பின மக்கள் மேல் அவர்களுக்குப் பரிவு இருந்தது என்று சொல்ல முடியாது. 1860-இல் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்த இல்லினாய் மாநிலமே 1853-இல் சுதந்திரக் கருப்பினத்தவர் உள்ளே வந்து குடியேறக் கூடாது என்று சட்டம் போட்ட மாநிலம்.

நாவலின் வேலையை நான் பார்ப்பது வேறு இடத்தில். 1854 மே கடைசியில் பாஸ்டனில், தப்பி வந்த அடிமை ஆன்டனி பர்ன்ஸ் பிடிபட்டார். மூன்று ஆண்டு முன்பு, 1851 ஏப்ரலில், அதே ஊரிலிருந்து, அதேபோல் தப்பி வந்த தாமஸ் சிம்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது நகரத்தின் பணக்கார ஜவுளி ஆலை முதலாளிகள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். பர்ன்ஸைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ராணுவத்தையே தெருவில் நிறுத்த வேண்டியிருந்தது. வழியெங்கும் கட்டடங்களில் கருப்புத் துணி தொங்கியது. அமோஸ் லாரன்ஸ் என்ற ஆலை முதலாளி, பழைய சமரசக்காரர்களாகப் படுக்கப் போன நாங்கள் அடிமை ஒழிப்புப் பித்தர்களாக எழுந்தோம் என்று கடிதம் எழுதினார். 1855-இல் மாசசூசெட்ஸ், தப்பி வந்தவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் தனிநபர் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்தது. பர்ன்ஸைத் திருப்பி அனுப்பிய ஆணையர் லோரிங் தன் மாநில நீதிபதிப் பதவியை 1858-இல் இழந்தார்.

சிம்ஸுக்கும் பர்ன்ஸுக்கும் சட்டம் ஒன்று, ஊர் ஒன்று. நடுவில் நெப்ராஸ்கா வந்தது, நாவலும் வந்தது. பங்கு பிரித்து இவ்வளவு சதவீதம் என்று கொடுக்க முடியாது. ஆனால் விலங்கோடு நடந்து போகும் ஒரு மனிதனைப் பார்க்கும்போது அவனுக்குப் பின்னால் ஒரு குடும்பம், ஒரு கதை இருக்கிறது என்று கூட்டத்துக்குத் தோன்ற யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். பர்ன்ஸ் வழக்கில் நாவலின் பங்கு அது என்பது என் கணிப்பு.

அகல்விளக்கு எழுதியது:

நாடகத்தை விட்டுவிட்டீர்களே. புத்தகம் படித்தவர்களைவிட மேடையில் பார்த்தவர்கள் அதிகம்.

தெருக்கூத்தன் எழுதியது:

ஆமாம், அதிலும் கெட்டதும் நல்லதும் கலந்து நடந்தது.

ஜார்ஜ் ஐக்கன் எழுதிய நாடகம் 1852 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் ஊரில் ஏறி நூறு முறை ஓடியது. 1853 ஜூலையில் நியூயார்க் நகரின் நேஷனல் தியேட்டருக்கு வந்தது. தெருப்பையன்களும் கூலிக்காரர்களும் கூடும் கொட்டகை அது. அடிமை ஒழிப்புப் பேச்சாளர்களைக் கல்லால் அடித்த கூட்டம் அங்கே எலைசா ஆற்றைக் கடக்கையில் கை தட்டியது. போதகர் மேடை எட்டாத இடத்துக்கு நாடகம் எட்டியது.

அதே ஆண்டு கேளிக்கைக் காட்சிகள் நடத்திய பார்னம் தன் அருங்காட்சியகத்தில் எச். ஜே. கான்வே எழுதிய வேறொரு வடிவத்தைப் போட்டார். அதில் நாயகனான அடிமை டாம், நாவலில் போலச் சாகவில்லை, விடுதலையாகிறார். இரு தரப்பையும் புண்படுத்தாத நாடகம் என்ற பாங்கில் விளம்பரம். முடிவை மாற்றியதும் கதையின் முதுகெலும்பே போய்விட்டது. நல்ல மனது வைத்தால் எல்லாம் சரியாகும் என்றால் சட்டத்தை ஏன் எதிர்க்க வேண்டும்?

தன் நாவலை நாடகமாக்கும் உரிமை அமெரிக்க எழுத்தாளருக்கு 1870-இல்தான் சட்டப்படி கிடைத்தது. அதற்கு முன் ஸ்டோவால் எந்தக் குழுவையும் தடுக்க முடியவில்லை. போருக்குப் பிறகு வந்த ஊர் சுற்றும் குழுக்கள் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்களை வைத்து, வேட்டை நாய்களைச் சேர்த்து, பாட்டும் கோமாளித்தனமுமாக ஆக்கிவிட்டன. நாவலில் டாம் நடுவயதுக்காரர், திடகாத்திரமானவர். இரண்டு பெண்கள் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்க மறுத்து அடிபட்டுச் சாகிறார். மேடையில் அவர் கூனிக் குனிந்த கிழவர் ஆனார். பிற்காலத்தில் 'அங்கிள் டாம்' என்பது வெள்ளையருக்குக் குனிந்துபோகும் கருப்பினத்தவரைத் திட்டும் வசைச் சொல்லானதில் இந்த மேடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நீலாம்பல் எழுதியது:

வசைக்கு முழுக் காரணத்தையும் மேடை மேல் போட வேண்டாம். நாவலிலேயே குறை இருக்கிறது, அதை 1853-இலேயே கருப்பின எழுத்தாளர்கள் நேருக்கு நேர் சொன்னார்கள்.

முடிவில் எலைசாவின் கணவன் ஜார்ஜ் ஹாரிஸின் குடும்பம் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போகிறது. சுதந்திரக் கருப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடும் திட்டம் அன்று நிஜ அரசியல். வெள்ளையர்களில் பலர் அதை 'தீர்வு' என்று பேசினார்கள். பிறந்த நாட்டில் உரிமை கேட்டுப் போராடியவர்களுக்கு இந்த முடிவு முதுகில் குத்தியது போல. அடிமை முறையிலிருந்து தப்பி வந்து பத்திரிகை நடத்திய பிரடெரிக் டக்ளஸ் 1853 மார்ச் 8 அன்று ஸ்டோவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், இங்கேதான் இருப்போம் என்பதை மரியாதையோடு, தெளிவாகச் சொல்கிறார். கூடவே நடைமுறையாகக் கேட்கிறார்: தொழில் கற்றுத் தரும் கல்லூரி ஒன்று வேண்டும், அதற்கு உதவுங்கள் என்று. மார்ட்டின் டெலனி இன்னும் கடுமை. எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாததையா இவர் எழுதிவிட்டார், எங்கள் திட்டத்தை எங்களோடு பேசாமல் வகுப்பதா என்று டக்ளஸின் பத்திரிகையிலேயே சண்டை போட்டார்.

அவர்கள் கதையிலும் பதில் சொன்னார்கள். 1841-இல் 'கிரியோல்' கப்பலைக் கைப்பற்றி பஹாமாஸுக்குத் திருப்பி விடுதலை பெற்ற மேடிசன் வாஷிங்டனை வைத்து டக்ளஸ் 1853-இல் ஒரு குறுநாவல் எழுதினார். அதே ஆண்டு வில்லியம் வெல்ஸ் பிரவுன் லண்டனில் 'கிளோட்டெல்' நாவலை வெளியிட்டார். சுதந்திரப் பிரகடனம் எழுதிய ஜெஃபர்சனின் மகள் ஏலம் போவதாகக் கதை. டெலனியின் 'பிளேக்' 1859-இல் பத்திரிகைத் தொடராகத் தொடங்கியது. அதில் நாயகன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கிளர்ச்சிக்கு ஆள் சேர்க்கிறான். இவை எதுவும் ஸ்டோவ் அளவுக்கு விற்கவில்லை. விற்பனை எண்ணையே செல்வாக்கு என்று எடுத்துக்கொண்டால் இந்த எழுத்துகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அப்படி விடக் கூடாது. ஸ்டோவின் அடுத்த நாவலான 1856-ஆம் ஆண்டு 'ட்ரெட்' சதுப்பு நிலத்தில் பதுங்கி வாழும் கிளர்ச்சிக்காரனைப் பற்றியது. 1831-இல் அடிமைக் கிளர்ச்சி நடத்திய நாட் டர்னரின் வாக்குமூலம் பின்னிணைப்பாகவே இருக்கிறது. அதில் தப்பிப்பவர்கள் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்படுவதில்லை.

பழையஏடு எழுதியது:

தெற்கின் எதிர்வினையும் சான்றுதான், நல்ல சான்று. யாருக்கும் உறைக்காத நூலுக்கு எவரும் பதில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். 1852-இலேயே மேரி ஈஸ்ட்மன் 'ஆன்ட் ஃபில்லிஸ் கேபின்' என்று பதில் நாவல் போட்டார். போர் தொடங்கும் முன் இப்படி இருபதுக்கும் மேல் வந்தன. பலவற்றில் வடிவம் ஒன்றே: கனிவான முதலாளி, நன்றியுள்ள வேலையாட்கள், பசியில் சாகும் வடக்கத்தித் தொழிலாளி. ஸ்டோவ் இதற்கு முன்கூட்டியே வழி அடைத்து வைத்திருந்தார். அவர் கதையில் நல்ல முதலாளியான செயின்ட் கிளேர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் கத்திக்குத்தில் சாகிறார், டாம் ஏலத்துக்குப் போகிறார். நல்லவர் செத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் நாவல்களில் விடை இல்லை. டாமை ஏலத்தில் வாங்கும் கொடியவன் லெக்ரீயைப் பிறப்பால் நியூ இங்கிலாந்துக்காரனாக வைத்ததும் யோசித்துச் செய்த வேலை.

கதையைப் பொய் என்றதும் அவர் 'திறவுகோல்' நூலில் நீதிமன்றத் தீர்ப்பு, சட்ட வாசகம், விற்பனை விளம்பரம், ஜோசையா ஹென்சன் போன்றோரின் சுயசரிதை எல்லாவற்றையும் அடுக்கினார். ஒரு குறிப்பு: இதில் பல சான்றுகளை அவர் திரட்டியது நாவல் வந்த பிறகு. 'இவற்றைப் படித்துத்தான் நாவல் எழுதினார்' என்று யாராவது எழுதினால் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும்.

நூலின் கனம் தெரிய வேண்டுமானால் சாமுவேல் கிரீனைப் பாருங்கள். மேரிலாந்தின் டார்செஸ்டர் வட்டாரத்தில் இருந்த சுதந்திரக் கருப்பினப் போதகர். ஆள்களைத் தப்பிக்க வைக்கிறார் என்ற சந்தேகத்தில் 1857-இல் வீட்டைச் சோதனை போட்டார்கள். அதை நிரூபிக்க ஒன்றும் சிக்கவில்லை. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' சிக்கியது. கிளர்ச்சியைத் தூண்டும் எழுத்தை வைத்திருந்த குற்றத்துக்குப் பத்து ஆண்டு சிறை. 1862-இல், மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள்.

கொற்கைக்கடல் எழுதியது:

பிரிட்டன் போரில் தெற்கின் பக்கம் சாயாததற்கு நாவலே காரணம் என்றும் சொல்கிறார்களே?

நீலாம்பல் எழுதியது:

அவ்வளவு பாரத்தை அது தாங்காது. 1852 கடைசியில் லண்டனில் சதர்லாந்து சீமாட்டியின் மாளிகையில் கூடித் தயாரித்த முறையீட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பெண்கள் கையெழுத்திட்டார்கள். 26 பெரிய தொகுதியாகக் கட்டி ஸ்டோவிடம் கொடுத்தார்கள். அமெரிக்கச் சகோதரிகளே, அடிமை முறையை ஒழிக்கக் குரல் கொடுங்கள் என்பது சாரம். உடனே முன்னாள் குடியரசுத் தலைவரின் மனைவி ஜூலியா டைலர் வர்ஜீனியாவிலிருந்து, உங்கள் ஏழைகளை முதலில் பாருங்கள் என்று பதில் எழுதினார். கார்ல் மார்க்ஸ் வேறு திசையிலிருந்து, ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடியானவர்களைத் துரத்தி ஆட்டு மேய்ச்சலுக்கு நிலம் எடுத்த குடும்பம் இது என்று 1853 பிப்ரவரியில் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் எழுதினார்.

ஆனால் 1861-இல் போர் வந்தபோது அதே பிரிட்டனில் ஆளும் வர்க்கத்தில் பலர் தெற்கின் பக்கம் பேசினார்கள். லிங்கன் அரசு தொடக்கத்தில் இது ஒன்றியத்தைக் காக்கும் போர், அடிமை ஒழிப்புப் போர் அல்ல என்று சொல்லிவிட்டதால் நாவல் வளர்த்த அனுதாபத்துக்குப் பற்றிக்கொள்ள இடம் இல்லாமல் போனது. 1863 ஜனவரி 1 பிரகடனம்தான் அந்த இடத்தைக் கொடுத்தது. ஸ்டோவ் அந்த மாதமே 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் அந்தப் பெண்களுக்குப் பதில் எழுதினார்: பத்து வருஷத்துக்கு முன் எங்களைக் கேட்டீர்களே, இப்போது நீங்கள் எங்கே என்று.

கூழாங்கல் எழுதியது:

மற்ற நாடுகளைச் சுருக்கமாக. கியூபாவில் கதை இருந்தது, வாசகரிடம் போகும் வழி இல்லை. டொமிங்கோ டெல் மோன்ட்டேயின் இலக்கிய வட்டத்தில் 1838-39-இல் அன்செல்மோ சுவாரெஸ் எழுதிய 'பிரான்சிஸ்கோ' நாவல் அச்சேறியது 1880-இல், அதுவும் நியூயார்க்கில். கெர்ட்ருடிஸ் டி அவெல்யனேடாவின் 'சாப்' 1841-இல் மாட்ரிடில் வந்தது, கியூபாவுக்குள் விடவில்லை. ஸ்பானியத் தணிக்கை நாற்பது ஆண்டு அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அங்கே அடிமை முறை முடிந்தது 1886-இல்.

ரஷ்யாவில் துர்கனேவின் வேட்டைக்காரக் குறிப்புகள் 1852-இல், ஸ்டோவ் நூல் வந்த அதே ஆண்டு புத்தகமாயிற்று. பண்ணையடிமைக் குடியானவனை மூளையும் மனமும் உள்ள ஆளாகக் காட்டியதே அதன் குற்றம். அனுமதித்த தணிக்கை அதிகாரிக்கு வேலை போனது. 1861 விடுதலைக்கு அதுவே காரணம் என்பார்கள். கிரிமியப் போர்த் தோல்வியை விட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போட முடியாது.

அகல்விளக்கு எழுதியது:

நம் பக்கம் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' இந்த வரிசையில் வருமா?

மருதநிலம் எழுதியது:

அது பாடல், கதை இல்லை. அது பாடும் ஃபிஜித் தோட்டங்களில் நடந்தது ஒப்பந்தக் கூலி, சட்டப்படி அடிமை முறை அல்ல. ஆனாலும் கேள்வி பொருத்தமானது, ஏனென்றால் வேலை செய்த விதம் ஒன்றுதான்: தூரத்தில் உள்ள பெண்களின் துன்பத்தை இங்கே உள்ளவர் காதில் விழ வைப்பது. ஆள் எடுப்பு 1917-இல் நின்றது, மிச்ச ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின. அதற்கு நேர்ப் பாதை, ஃபிஜி போய் நேரில் பார்த்து வந்த சி. எஃப். ஆண்ட்ரூஸின் அறிக்கையும், 1916-இல் மாளவியா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானமும். பாட்டின் பங்கை அளக்க வேண்டுமானால் எந்தப் பத்திரிகையில், எந்த மாதம் வந்தது, எந்தக் கூட்டத்தில் பாடினார்கள் என்று தேடித்தான் சொல்ல முடியும். தனி இழையே போடலாம்.

கொற்கைக்கடல் எழுதியது:

வாசகர் வட்டத்தில் இதை நான்கு அமர்வாகப் பேசுவதென்றால் எந்த வரிசை?

பழையஏடு எழுதியது:

முதல் அமர்வில் நாவலைத் தொடவே வேண்டாம். 1850 சட்டத்தின் 5 முதல் 8 வரையான பிரிவுகளை உரக்கப் படியுங்கள், கால் மணி நேரம் போதும். பிறகு வெல்ட் தொகுப்பிலிருந்து பத்து விளம்பரம்.

இரண்டாவதில் நாவலின் 1, 5, 7, 9 அத்தியாயங்கள். விற்பனைப் பேச்சு, எலைசா ஓட்டம், ஆறு, செனட்டர் வீடு. முழு நாவலும் படித்துவிட்டு வரச் சொன்னால் பாதிப்பேர் வர மாட்டார்கள். மூன்றாவதில் டக்ளஸின் 1853 கடிதமும் அவருடைய குறுநாவலும். ஸ்டோவைப் படித்த சூடு ஆறும் முன் இதைப் படிக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

நான்காவதில் எண்கள். பலகையில் 1848, 1852, 1856, 1860 என்று நான்கு பத்தி போட்டு, மேலே வாக்கு சதவீதம், கீழே அந்தந்த இடைவெளியில் வந்த நூல், நாடகம், சட்டம், வழக்கு என்று எழுதுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, நூலுக்குப் பின் நடந்ததை எல்லாம் நூலால் நடந்ததாக எழுதுவது. ஒவ்வொரு அம்புக்குறி போடும்போதும் நடுவில் யார் கை இருந்தது என்று ஒரு பெயர் கேளுங்கள்: மனு திரட்டியவர், மேடை போட்டவர், கைதானவர். பெயர் கிடைக்காத அம்புக்குறியைப் புள்ளிக் கோடாக விட்டுவிடுங்கள்.

வெண்கலமணி எழுதியது:

1852-க்கும் 1856-க்கும் இடையே உள்ள பத்தியை மட்டும் அகலமாக விடுங்கள். பர்ன்ஸ் வழக்கு, நெப்ராஸ்கா, 3,050 கையெழுத்து, ஐக்கன் நாடகம், டக்ளஸ் கடிதம் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன.